தாங்க முடியாத கஷ்டத்தில் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஜெபக்குழுவில் பல வருடங்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஜெபம் முடிந்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்பார். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி அப்போதுதான் வெளியே வரும். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, வேதக் கல்லூரியில் படித்தவளும் இல்லை. சில இருட்டான வருடங்களை வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடந்து வந்தவள், அவ்வளவுதான். வரிசையாகப் படித்தால் நல்லது. சாகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் மட்டும் நேராக எலியாவைப் பற்றிய பதிலுக்குப் போய்விடுங்கள்.

அக்கா, எல்லாப் பிரச்சினையும் ஒரே நேரத்துல வந்து நிக்குது. எதை முதல்ல பார்க்கிறதுன்னே தெரியல.

யூதாவின் ராஜா யோசபாத்துக்கு ஒரு நாள் இதே நிலைமை வந்தது என்று 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோவாபியர், அம்மோனியர், கூடவே இன்னும் சிலர் என்று பல படைகள் சேர்ந்து புறப்பட்டு வந்துவிட்டன. அவர் ஜனங்கள் எல்லோர் முன்பாகவும் நின்று ஜெபித்தார். அந்த ஜெபம் முடிகிற இடம் இது: "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." குழந்தை குட்டிகளோடு நாடே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு ராஜா "எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்கிறார். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். தெரியாததைத் தெரியவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, மொத்தமாகப் பயமுறுத்துகிற பாரத்தைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கடனில் மாட்டிக்கொண்ட ஒரு தங்கை, வந்த கடிதங்களைப் பிரிக்கவே பயந்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். அசீரியாவின் ராஜா அனுப்பிய மிரட்டல் கடிதத்தை எசேக்கியா ராஜா ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் என்று 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதைச் சேர்ந்து படித்துவிட்டு, அவளும் நானும் அந்தப் பையை மேஜையில் கவிழ்த்தோம். மொத்தம் 17 கவர்கள். முதல் கவரைக் கிழிக்கும்போது அவள் விரல் நடுங்கியது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால், 6 கடிதங்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன நினைவூட்டல்கள், 2 வெறும் விளம்பரம். அந்த வாரம் பதில் சொல்லியே ஆகவேண்டியவை மூன்றே மூன்று. கடன் அப்படியே இருந்தது, ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அதற்கு இப்போது ஒரு அளவு இருந்தது. அந்த மூன்று கடிதங்களுக்காக ஜெபித்தோம். அப்புறம் மூன்றுக்கும் பதில் எழுதினோம்.

விசுவாசம் இருந்தா பயம் வரக்கூடாதுன்னு சொல்றாங்களே? எனக்கு வயிறே கலங்குது.

யோசபாத்தைப் பற்றி இப்போது சொன்னேனே, அந்த அதிகாரத்திலேயே "யோசபாத் பயந்து, கர்த்தரைத் தேடுகிறதற்கு ஒருமுகப்பட்டு" என்றுதான் இருக்கிறது. பயந்தார், தேடினார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. சங்கீதம் 56:3, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயமே வராத நாளைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை.

வயிறு கலங்குவது, கை வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது எல்லாம் உடம்பு ஆபத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. அதைக் கட்டளை போட்டு நிறுத்த முடியாது. அந்தப் படபடப்போடு யாரிடம் போகிறீர்கள் என்பதைத்தான் நான் விசுவாசம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

என் விசுவாசம் ரொம்பச் சின்னது அக்கா. பாதி நேரம் சந்தேகம்தான். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா?

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். சிறு வயதிலிருந்தே அவருடைய மகனுக்குப் பொல்லாத ஆவியின் தொல்லை. தீயிலும் தண்ணீரிலும் விழுந்து விழுந்து எழுந்த பிள்ளை. சீஷர்களிடம் கொண்டுவந்தார், அவர்களால் முடியவில்லை. இயேசுவிடம் அவர் கேட்பதே சந்தேகத்தோடுதான்: உம்மால் ஏதாவது செய்ய முடியுமானால் உதவும் என்கிறார். விசுவாசிக்க முடியுமா என்று இயேசு திருப்பிக் கேட்டதும் அழுதுகொண்டே கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

இதற்கு இயேசு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். போய் இன்னும் கொஞ்சம் விசுவாசம் சேர்த்துக்கொண்டு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் கைப்பிடித்துத் தூக்கினார். என் வாழ்க்கையில் அதிகத் தடவை நான் ஜெபித்த ஜெபம் இந்தத் தகப்பனுடையதுதான். சந்தேகத்தை மறைத்துவிட்டு ஜெபிக்க வேண்டாம். அதையும் ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தா வார்த்தையே வரமாட்டேங்குது. அழுகைதான் வருது.

அழுங்கள். அதுவும் ஜெபம்தான். ரோமர் 8:26 வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைப் பற்றிப் பேசுகிறது. நமக்காக ஆவியானவரே அப்படி வேண்டுதல் செய்கிறார் என்கிறது. அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். தண்ணீரில் மூழ்கும்போது பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்ற மூன்று வார்த்தை. அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை.

சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கீதங்கள் 150 இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13ஆம் சங்கீதம் வெறும் 6 வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். அன்றைக்கு அது போதும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியிற வரைக்கும் யோசனைதான்.

இரவு 2 மணிக்கு எல்லாப் பிரச்சினையும் அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், யாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். நான் தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருப்பேன். மனதில் சுற்றுகிறதை ஒரு வரியில் எழுதி, அதற்குக் கீழே "காலையில்" என்று எழுதி மூடிவிடுவேன். 121ஆம் சங்கீதம், இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதும் இல்லை தூங்குவதும் இல்லை என்கிறது. அவர் விழித்திருக்கிறார் என்றால் நானும் சேர்ந்து காவல் இருக்கத் தேவையில்லை. தூக்கம் வராவிட்டாலும் படுத்தபடி அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஆண்டவர் மேல கோபமா இருக்கு. அப்படி நினைக்கிறதே பாவமா?

யோபு புத்தகத்தைக் கடைசி வரை படித்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்தப் பயம் இவ்வளவு பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன். யோபு கடவுளோடு வழக்காடினார், தான் பிறந்த நாளையே சபித்தார். அவருடைய சிநேகிதர்களோ கடவுளைத் தாங்கிப் பேசினார்கள். கேட்பதற்குப் பக்தியாக இருக்கும். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்கள்மேல் கோபப்படுகிறார். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கத்தினவருக்கு நற்சாட்சி, பக்தியாகப் பேசினவர்களுக்குக் கண்டிப்பு.

88ஆம் சங்கீதத்தையும் பாருங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் முடிவில் கொஞ்சமாவது வெளிச்சத்துக்குத் திரும்பும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடும். அதை வேதாகமத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. உங்கள் கோபத்தை அவரிடமே போய்ச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பதைவிட, அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுவது எவ்வளவோ நல்லது.

செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. இதை வெளியே சொல்லவே பயமா இருக்கு.

சொன்னது நல்லது. முதலில் இதைச் செய்யுங்கள்: இன்றைக்கே, முடிந்தால் இப்போதே, உங்களைத் தெரிந்த ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். உங்களை நீங்களே காயப்படுத்தக்கூடிய எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகவோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கவோ வெட்கப்படாதீர்கள். மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம், இது எங்கேயும் போகாது.

எலியா பெரிய தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அடுத்த அதிகாரத்திலேயே, யேசபேல் ராணியின் கொலை மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். மோசேயும் ஒரு நாள் என்னைக் கொன்றுபோடும் என்று கேட்டிருக்கிறார். யோனாவும் கேட்டிருக்கிறார். இவர்களில் ஒருவரையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லை.

எலியாவுக்குக் கிடைத்த பதிலை நான் எத்தனை தடவை படித்தாலும் கண் கலங்கும். அவர் தூங்கிப்போகிறார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தடவையும் வந்து தட்டுகிறான்: சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம். ஏன் இப்படிப் பேசினாய் என்று ஒரு கேள்வி இல்லை, ஒரு பிரசங்கமும் இல்லை. தூக்கம், சாப்பாடு, திரும்பவும் தூக்கம், திரும்பவும் சாப்பாடு. அதற்குப் பிறகு 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் ஆண்டவர் மெல்லிய சத்தத்தில் பேசுகிறார். நான் ஒருவன்தான் மீதி என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடம், இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்கிறார். கூடவே எலிசாவைத் துணையாகக் கொடுக்கிறார். உங்களுக்கு இன்றைக்கு வேண்டியதும் தூக்கமும் சாப்பாடும் பக்கத்தில் ஒரு ஆளுமாக இருக்கலாம். அதை வாங்கிக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை.

மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இது விசுவாசக் குறைவுன்னு எங்க வீட்டுல சொல்றாங்க.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, உன்னைக் குணமாக்குவேன், உனக்கு இன்னும் 15 வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைச் சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசி, உடனே அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைக் கட்டியின்மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தார். நேரடியாக வாக்குத்தத்தம் வாங்கினவருக்கே மருந்து தேவைப்பட்டது. பவுல் தன் கூட்டாளி லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் கடிதத்தில் சொல்கிறார்.

மூளையும் உடம்பின் ஒரு பாகம்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனதும் மோசமாகத் தடுமாறக்கூடும். நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். ஜெபக்குழுவில் யாராவது வேறு மாதிரிச் சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

"தாங்க முடியாத சோதனையை ஆண்டவர் தரமாட்டார்"னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா என்னால தாங்க முடியலையே?

இந்த வசனத்தைத் தவறான இடத்தில் சொல்லிச் சொல்லி நாம் பலபேரை நொறுக்கியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அந்தக் கை விலகினது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது.

1 கொரிந்தியர் 10:13 இருக்கிற இடத்தைப் பாருங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் விக்கிரகத்தை வணங்கியது, இச்சித்தது, முறுமுறுத்தது ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அப்படிப் பாவத்துக்கு இழுக்கும் சோதனை வரும்போது தப்பிக்க ஒரு வழியும் இருக்கும் என்று பவுல் சொல்கிறார். நோய், மரணம், கடன் எல்லாம் உங்கள் பலத்துக்கு அளந்துதான் வரும் என்று அங்கே அவர் சொல்லவில்லை. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்: எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது. பலத்திற்கு மிஞ்சினது என்று அப்போஸ்தலரே எழுதியிருக்கிறார். அடுத்த வசனத்தில், எங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கும்படி அப்படி நடந்தது என்கிறார்.

ஆகவே உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அது உங்களுடைய தோல்வி என்று எண்ண வேண்டாம். பாரம் உண்மையிலேயே அவ்வளவு பெரியதாக இருக்கலாம்.

நான் செஞ்ச பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையா?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார், இல்லை என்று அவரே சொன்னார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார். கஷ்டத்தைப் பார்த்தவுடன் பாவக் கணக்கு போடும் பழக்கத்தை அவர் இரண்டு தடவை வெட்டிவிட்டார்.

சில கஷ்டங்கள் நம் முடிவுகளால் வந்தவையாகவும் இருக்கும், அதையும் மறைக்கக்கூடாது. பொய் சொன்னோம், கைமீறிக் கடன் வாங்கினோம், சொன்னதைக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் யோனாவைக் காட்டுவேன். சொல்பேச்சு கேட்காமல் எதிர்த்திசையில் கப்பல் ஏறி, முழுக்க முழுக்கத் தன் தவறால் மீன் வயிற்றுக்குள் போனவர். அங்கிருந்தும் ஜெபித்தார், கேட்கப்பட்டது. தப்பு உங்களுடையதாக இருந்தாலும் கதவு உங்களுக்கு மூடவில்லை. சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். அதற்கான பலத்தையும் அவரிடமே கேளுங்கள்.

வருஷக்கணக்கா ஜெபிக்கிறேன். ஒரு பதிலும் இல்லை.

என் தம்பிக்காக நாங்கள் 11 மாதம் ஜெபித்தோம். கடைசி வாரங்களில் இரவுகளில் நான்தான் துணை. டிரிப்ஸ் சொட்டுவதை எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தடவை "இயேசுவே" என்று சொல்லுவேன். எழுப்பித் தாரும் என்றுதான் கேட்டேன். தம்பி இறந்துவிட்டான். ஆகவே இந்தக் கேள்விக்கு யாராவது லேசாகப் பதில் சொன்னால் எனக்கே தாங்காது.

சில பதில்களுக்குக் காலம் ஆகிறது. யோசேப்பு குழியில் போடப்பட்டு விற்கப்பட்டபோது 17 வயதுப் பையன், பார்வோன் முன்னால் நின்றபோது 30. நடுவில், விடுதலையான பானபாத்திரக்காரன் அவரைச் சுத்தமாக மறந்துபோன 2 வருடமும் அடக்கம். சில பதில்கள் நாம் கேட்டது மாதிரி இருப்பதில்லை. தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் 3 தடவை கெஞ்சினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று 3 தடவை ஜெபித்தார். அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காத ஜெபங்களின் வரிசையில் அவருடைய ஜெபமும் இருக்கிறது என்பது, தம்பியை அடக்கம் செய்த வருடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஏன் என்று கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

மத்தவங்க அற்புதம் நடந்ததுன்னு சாட்சி சொல்லும்போது எரிச்சலா வருது. அவங்களுக்கு மட்டும் ஏன்?

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வந்து பேதுருவை வெளியே கூட்டிக்கொண்டு போகிறான். ஒருவர் செத்தார், ஒருவர் தப்பினார். பேதுருவின் வீட்டார் சாட்சி சொன்ன அன்று யாக்கோபின் தாய் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவாக இருந்தது என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசமோ, அவர் வாசலில் நின்று தட்டுகிறார் என்று வேலைக்காரப் பெண் ரோதை ஓடிவந்து சொன்னபோது, நீ பிதற்றுகிறாய் என்று சொன்ன அளவுக்குத்தான் இருந்தது.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் விசுவாசிகள் பட்டியலிலும் பட்டயத்துக்குத் தப்பினவர்கள் 34ஆம் வசனத்தில் வருகிறார்கள், பட்டயத்தால் வெட்டுண்டவர்கள் 37ஆம் வசனத்தில் வருகிறார்கள். எல்லோரையும் சேர்த்தே அது விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது. எரிச்சல் வந்தால் அதையும், கோபத்தைப் பற்றி மேலே சொன்னது போல, ஆண்டவரிடம் சொல்லுங்கள். சாட்சி நேரத்தில் எழுந்து வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்தாலும் தப்பில்லை.

காணிக்கை குடுத்தா பிரச்சினை தீரும்னு ஒருத்தர் ஜெபிக்க வர்றார். குடுக்கலாமா?

வேண்டாம். நாகமானைக் குஷ்டத்திலிருந்து குணமாக்கிய எலிசா அவர் கொண்டுவந்த காணிக்கையைத் தொட மறுத்தார். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கிய வேலைக்காரன் கேயாசி தண்டிக்கப்பட்டான். தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று அப்போஸ்தலர் 8இல் படியுங்கள். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் வந்து கணக்குப் பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யார்கிட்டேயும் சொல்ல வெட்கமா இருக்கு. ஆண்டவர்கிட்ட மட்டும் சொன்னா போதாதா?

அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கை ஓய்ந்துபோனது. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, பக்கத்துக்கு ஒருவராக நின்று, சூரியன் அஸ்தமிக்கும் வரை அந்தக் கைகளைத் தாங்கினார்கள். என்னைக் கொன்றுபோடும் என்று மோசே கேட்டதை எலியா பதிலில் சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த பதில் என்ன தெரியுமா? பாரத்தைப் பகிர்ந்துகொள்ள மூப்பரில் 70 பேரைக் கூட்டிச் சேர். ஆண்டவரிடம் சொன்னதற்கே, ஆட்களிடம் பகிர்ந்துகொள் என்றுதான் பதில் வந்தது.

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். வாயை அடக்கத் தெரிந்த, உங்களுக்கு முன்னால் கொஞ்சம் அடிபட்டிருக்கிற ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் தடவை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. "இந்த வாரம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்ற ஒரு வரி போதும். அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

கஷ்டத்துல இருக்கிற சிநேகிதிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா. எந்த வசனம் அனுப்பலாம்?

யோபுவின் சிநேகிதர்கள் பேச ஆரம்பித்துத்தான் கெடுத்தார்கள். அதற்கு முன்னால் 7 நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். வசனம் பிறகு அனுப்பலாம். முதலில் போய் உட்காருங்கள், பாத்திரம் கிடந்தால் கழுவிக் கொடுங்கள், பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். களைத்திருக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவும் தெம்பு இருக்காது.

எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. சபைக்கு வர்றது நடிப்பு மாதிரி இருக்கு. வராம இருந்துடலாமா?

இயேசு சிலுவையில் இறந்த பிறகு எம்மாவு கிராமத்துக்கு நடந்து போன இரண்டு பேர், அவரே இஸ்ரவேலை மீட்பவர் என்று நம்பியிருந்தோம் என்று சொல்கிறார்கள். நம்பியிருந்தோம் என்று முடிந்துபோன காலத்தில் பேசுகிறார்கள். அதை அவர்கள் சொல்வது இயேசுவிடம்தான், அவர் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியாமல். அவரும் அவர்களோடு கூடவே அந்த வழியை நடந்து முடித்தார்.

தோமாவைச் சந்தேகப்பட்டவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, அவருடைய காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால் ஒழிய விசுவாசிக்கமாட்டேன் என்று தோமா சொன்னது உண்மை. அதற்கு 8 நாள் கழித்து சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கூடியிருந்தபோது, அவரும் அதே அறையில் இருந்தார். மற்ற எல்லோரும் கண்டோம் கண்டோம் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்த அந்த 8 நாளும், ஒன்றும் காணாத ஒருவர் அவர்களோடு இருந்திருக்கிறார். நடிக்கவில்லை, நம்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை.

நீங்களும் அப்படியே வாருங்கள். பாட்டுப் பாட வராவிட்டால் பாட வேண்டாம். கண்ணை மூட முடியாவிட்டால் திறந்தே வைத்திருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஏறக்குறைய ஒரு வருடம் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போவார். அவர் வருவதற்கு முன்பே யாராவது அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்துவிடுவோம்.